5,200 டொலருக்கு 2012 லெகசி: வாங்கலாமோ, வில்லங்கமோ?

மல்வேர்ண்_மயூரன்
எல்லாருக்கும் வணக்கம். ஒரு கார் பாத்து வைச்சிருக்கிறன், வாங்க முதல் கேப்பம் எண்டு வந்தனான். 2012 சுபாரு லெகசி 2.5, சிவிடி எண்டுற ஓட்டோமற்றிக் கியர், 196,000 கிலோமீற்றர் ஓடியிருக்கு, தனியாள் ஒருத்தர் விக்கிறார், கேக்கிறது 5,200. நான் இருக்கிறது ரொறன்ரோ ஸ்காபரோ, வேலை வடக்கால பாரி நகரத்தில, விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு 400 ஹைவேயில ஏறோணும், பிராட்ஃபோர்ட் தாண்டினா இங்க மழை தூறுற நாளிலயும் அங்க ஸ்நோ கொட்டிக்கொண்டு நிக்கும். போன விண்ரருக்கு ரெண்டு தரம் என்ர இப்பத்தைய செடான் பள்ளத்துக்குள்ள இறங்கப் பாத்தது. எஸ்யுவி வாங்க வசதி இல்லை. இது ஓல்வீல், நாலு சில்லும் இழுக்கும், அப்பிடியெண்டா சறுக்கவே சறுக்காது எண்டு மச்சான் அடிச்சுச் சொல்லுறார். உண்மையோ?

கறள்_ராசா
தம்பி, நான் 22 வருசமா கராஜில நிக்கிறன், மச்சான் சொன்னது பிழை. நாலு சில்லும் இழுக்கிறது வெளிக்கிடேக்கையும் ஏத்தத்தில ஏறேக்கையும்தான் உதவும், பிரேக் அடிக்கேக்க எல்லாக் காரும் ஒண்டுதான், அங்க றோட்டைப் பிடிக்கிறது ரயர் மட்டும். ஓல்வீல் காரன்தான் கூடப் பள்ளத்துக்குள்ள கிடக்கிறான், ஏனெண்டா கார் வழுக்காம வெளிக்கிட்ட உடன றோட்டு நல்லாயிருக்கு எண்டு நினைச்சு 110இல மிதிக்கிறான். முதல் இதைச் சொல்லுங்கோ, இப்ப ஓடுற காரில என்ன ரயர் கிடக்கு?

மல்வேர்ண்_மயூரன்
ஓல் சீசன் அண்ணை. வாங்கேக்க கிடந்ததுதான்.

கறள்_ராசா
ம்ம்.

பொக்ஸர்_பாலன்
ராசா அண்ணை துவங்கிட்டார் 😀 தம்பி நான் 2009 லெகசி மனுவல் கியர் வைச்சிருக்கிறன், 287,000 ஓடி முடிச்சிட்டுது, இன்னும் ஒவ்வொரு நாளும் அஜாக்ஸில இருந்து வேலைக்கு அதிலதான் போறன். 2022 ஜனவரி 17 ஞாபகம் இருக்கோ, ரொறன்ரோவில 55 சென்ரிமீற்றர் கொட்டி டிவிபி, கார்டினர் எண்ட ரெண்டு ஹைவேயையும் பூட்டினவங்கள், பஸ்சுகள் நடு றோட்டில நிண்டது, அண்டைக்கு எங்கட தெருவில முதல் வெளிக்கிட்ட கார் என்ரதான். பக்கத்து வீட்டுக்காரன் முன்சில்லு இழுக்கிற புதுக் காரை வைச்சு உறுமிக்கொண்டு நிண்டவன், நான் கையைக் காட்டிப்போட்டுப் போனனான்.

கறள்_ராசா
55 சென்ரிமீற்றர் ஸ்நோவுக்குள்ளால செடான் போனதோ? உங்கட காரின்ர வயிறு நிலத்தில இருந்து 15 சென்ரிமீற்றர் அளவில நிக்குது. மிச்சம் 40ஐயும் என்ன மேலால பறந்தனீங்களோ?

பொக்ஸர்_பாலன்
ஸ்நோ தள்ளுற பிளவ் வந்து போன பிறகுதான் அண்ணை, முழுக்கச் சொல்ல விடுங்கோவன். பிளவ்காரன் டிரைவ்வே வாசல்ல குவிச்சுப்போட்டுப் போவானே அந்தக் கட்டி, அதைத்தான் ஏறிக் கடந்தனான். அரைவாசி வெட்டினது உண்மைதான்.

கொறொல்லாகாரன்
அப்ப சவளும் நாலு சில்லும் சேந்து எடுத்திருக்கு 😂

மயூரன், வில்லங்கத்தை விலைக்கு வாங்காதேங்கோ. கொறொல்லா ஒண்டு, நாலு விண்ரர் ரயர், கதை முடிஞ்சுது. கியூபெக்கில டிசம்பர் 1 துவங்கி மார்ச் 15 வரைக்கும் விண்ரர் ரயர் போடாட்டிச் சட்டப்படி குற்றம், அங்கத்தைய சனம் முழுக்க ஓல்வீலோ வைச்சிருக்கு? மொன்றியல்ல பாதிக் கார் சின்ன முன்சில்லுக் கார்தான், ஓடுதுகள்தானே. ஒன்ராறியோவில சட்டம் இல்லாட்டியும் விண்ரர் ரயர் போட்டா இன்சூரன்ஸில கொஞ்சம் குறைக்கவேணும் எண்டு 2016இல இருந்து இருக்கு, கேட்டு வாங்குங்கோ, நாங்களாக் கேக்காட்டி ஒருத்தரும் தரமாட்டாங்கள்.

பொக்ஸர்_பாலன்
கொறொல்லா கொறொல்லா எண்டு எங்கட சனம் அடிபட்டு அடிபட்டே அதின்ர விலையை ஏத்தி வைச்சிருக்கு. இதே 2012, இதே கிலோமீற்றர், கொறொல்லா எண்டா 8,000க்குக் கீழ ஒருத்தனும் கதைக்கமாட்டான், அதுவும் முன் பம்பர் ரேப் போட்டு ஒட்டினதா இருக்கும். லெகசியை ஒருத்தரும் தேடுறேல்லை, அதுதான் மலிவு. 2025 மாடலோட அமெரிக்காவில அந்தப் பேரையே நிப்பாட்டிப்போட்டாங்கள், 1989இல துவங்கின கார், செடான் வாங்க ஆளில்லை எண்டு. ஆளில்லாத சாமானை வாங்கிறவனுக்குத்தானே லாபம்.

கறள்_ராசா
ஆளில்லாததுக்குக் காரணமும் இருக்கு பாலன். அந்த 2012இல கிடக்கிறது ஈஜே25 எஞ்சின், பழைய வகையின்ர கடைசி வருசம், 2013இல இருந்து லெகசிக்கு வேற எஞ்சின். அது படுத்த எஞ்சின், பிஸ்ரன் இடமும் வலமுமாப் போய்வரும், எஞ்சினின்ர ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில கிடக்கிற ஹெட் காஸ்கற் கசியிறது ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச கதை. முதல் ஒயில் மெல்லமா ஈரமாக்கும், பேந்து கூலன்ற். காஸ்கற்றின்ர விலை பெரிசில்லைத் தம்பி, வேலைதான் விலை, எஞ்சினை வெளியில எடுக்காமச் செய்யிறவன் குறைவு. நான் செய்தாலே 2,500க்கு மேல வரும். அதோட ரைமிங் பெல்ற். 168,000 அளவில மாத்தவேணும், இது 196,000 ஓடியிருக்கு. பெல்ற் அறுந்தா வால்வும் பிஸ்ரனும் முட்டும், பிறகு எஞ்சின் இல்லை. மாத்தினதுக்கு றிசீற் கேட்டனீங்களோ?

கோவை2கால்கரி
அண்ணா நடுவுல புகுந்துக்கறேன். நான் கால்கரில இருக்கேன், 2011 லெகசி ஏழு வருஷமா ஓட்டறனுங்க. இந்த எஞ்சின் எல்லாமே ஒழுகும்னு சொல்றது ஓவர். 90கள்ல வந்த டபுள் கேம் எஞ்சின்ல காஸ்கெட் உள்ளுக்குள்ளயே ஒழுகும், திடீர்னு ஹீட் ஏறும், அது மோசம்தான். 2000த்துக்கு அப்புறம் வந்தது பெரும்பாலும் வெளிய கசியறது, வருஷத்துக்கு ரெண்டு தடவ கீழ குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தா தெரிஞ்சுரும், ராத்திரியோட ராத்திரியா சாகாதுங்க. மைனஸ் 30ல எஞ்சின சூடா வெக்கற பிளாக் ஹீட்டர் மாட்டி வெச்சுட்டுப் படுத்தா காலைல சாவியத் திருப்புன உடனே ஸ்டார்ட் ஆகுது. இங்க எனக்கு இதுவரைக்கும் பெரிய செலவுன்னா ரோட்ல போடற சரளைக்கல்லு தெறிச்சு மூணு தடவ விண்ட்ஷீல்ட் மாத்துனதுதான், அதுக்கு சுபாரு என்ன பண்ணும்?

கறள்_ராசா
தம்பி கோவை, உங்கட ஊர் வேற எங்கட ஊர் வேற. அங்க சரளை, இஞ்ச உப்பு. நவம்பரில கொட்டத் துவங்கினா ஏப்ரல் மட்டும் காரின்ர அடியெல்லாம் உப்புக் கரைசல்தான். நான் ஏன் இந்தப் பேரில எழுதுறன் எண்டு நினைச்சீங்கள்? ஒன்ராறியோவில பழைய காரைக் கொல்லுறது எஞ்சினில்லை, கறள். ஓல்வீல் எண்டா பின்னால இன்னொரு டிப்பெரன்சல், ரெண்டு அக்ஸில், அதைத் தாங்கிற இரும்புச் சட்டம், எல்லாம் கூடுதலாக் கறள் பிடிக்கிற சாமான். ஒரு போல்ற்றைக் கழட்டப் போனா மூண்டு முறியும், அந்த முறிஞ்சதுக்கும் நான் மணித்தியாலக் கூலி எழுதவேணும், பிறகு கராஜ்காரன் கள்ளன் எண்டு சொல்லுவியள்.

வன்னிமகள்
ஒருத்தரும் ரயர்க் கதையை வடிவாச் சொல்லேல்லை. நான் நேர்ஸ், நைற் ஷிப்ற். முந்தி ஒரு பழைய ஓல்வீல் செடான் வைச்சிருந்தனான், பேர் வேண்டாம். குழிக்குள்ள விழுந்து ஒரு ரயர் வெடிச்சுது. ரயர்க் கடைக்குப் போனன், ஒண்டு புதுசாப் போட்டுத் தந்தாங்கள், மற்ற மூண்டும் அரைவாசி தேஞ்சது. ஒருத்தனும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை, எனக்கும் தெரியாது, பத்து மாதம் ஓடினன். பிறகு பார்க்கிங்கில ஸ்டியறிங்கை முழுக்க வெட்டித் திருப்பினா கார் ஆரோ பின்னால பிடிச்சு இழுக்கிற மாதிரி நிண்டு நிண்டு துள்ளத் துவங்கினது. புது ரயர் கொஞ்சம் பெரிசு, மற்றது சின்னன், ஒரு சுத்துக்கு ஓடுற தூரம் வேற வேற, முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சுக் குடுக்கிற கிளச் அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு நிமிசமும் சமாளிச்சுச் சமாளிச்சு எரிஞ்சுபோச்சு. 1,900 டொலர். ஒரு ரயர் வெடிச்சா நாலும் மாத்தவேணும் எண்டு ஆரும் எனக்கு முதலே சொல்லியிருந்தா அந்தக் காரை வாங்கியே இருக்கமாட்டன்.

கொறொல்லாகாரன்
இதுதான் அக்கா நான் சொல்லுறது. எனக்கு ஒண்டு வெடிச்சா ஒண்டு போடுவன்.

கறள்_ராசா
ஒண்டில்லை, சோடியாப் போடுங்கோ. ஆனா வன்னிமகள் சொன்னது நூற்றுக்கு நூறு. சுபாருவே நாலு ரயரின்ர சுற்றளவும் கால் அங்குலத்துக்கு மேல வித்தியாசப்படக்கூடாது எண்டுதான் சொல்லுறது. இன்னொண்டு, வழியில நிண்டுபோனா முன்சில்லைத் தூக்கிப் பின்சில்லு உருள இழுக்கிற ரோ ட்றக் கூடாது, தட்டில ஏத்திறதுதான் வேணும். விடிய நாலரைக்கு 400இல தட்டு ட்றக் வரும் வரைக்கும் நிண்டு பாருங்கோ.

பொக்ஸர்_பாலன்
நாலு ரயர் மாத்திறது எங்களுக்குத் தெரியாததோ? நான் ஒவ்வொரு விண்ரர் முடியவும் முன்னுக்குக் கிடக்கிறதைப் பின்னுக்கு மாத்துறன், நாலும் ஒரே மாதிரித் தேயுது, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஒரு செற். அது கார்ச் செலவு, வில்லங்கமில்லை. அதோட நீங்கள் எல்லாரும் நிப்பாட்டிறதைப் பற்றியே கதைக்கிறியள். 400இல லேன் மாத்தேக்க ரெண்டு லேனுக்கும் நடுவில கணுக்கால் உயரத்துக்குச் சேறு மாதிரி ஸ்நோ கிடக்குமே, அதுக்குள்ள முன்சில்லுக் கார் ஏறினா மூக்கு இழுபடும், எனக்கு வயித்தைக் கலக்கும். லெகசி அதைப் பாத்தும் பாராத மாதிரிப் போகும். விண்ரர் ரயரும் போட்டு ஓல்வீலும் எண்டா அது வேற உலகம் அண்ணை, நீங்கள் ரெண்டையும் எதிரி மாதிரிக் கதைக்கிறியள்.

கறள்_ராசா
இதில பாலன் சொல்லுறது சரி. ரெண்டும் இருந்தா நல்லதுதான், நான் இல்லையெண்டேல்லை. 5,200 டொலர்க் காருக்கு அந்தக் காசு கட்டுப்படியாகுமோ எண்டுதான் கேள்வி. கணக்கைப் பாருங்கோ: கார் 5,200, பேர் மாத்தேக்க வரி 13 வீதம் 676, பெல்ற்றும் வோட்டர் பம்ப்பும் மாத்தினா என்ர கணக்கில 1,100, விண்ரர் ரயர் றிம்மோட 900. கிட்டத்தட்ட 7,900. இன்னும் சேஃப்ரி சேர்ட்டிபிக்கற் எடுக்கேல்லை, பிரேக் லைன் பாக்கேல்லை. பாலன்ர கொறொல்லா விலை வந்திட்டுது பாத்தீங்களோ.

கோவை2கால்கரி
அதே கணக்க கொறொல்லாவுக்கும் போடுங்கண்ணா, அதுக்கும் வரி உண்டு டயர் உண்டு 🙂 ஆனா ஒண்ணு, சிவிடின்னா நானே யோசிப்பேன். அது 2010ல தான் லெகசில வந்துச்சு, முதல் தலைமுறை. அமெரிக்கால அந்த கியர்பாக்ஸுக்கு வாரண்டிய பத்து வருஷம், ஒரு லட்சம் மைல்னு நீட்டுனாங்க, சும்மா நீட்டுவாங்களா? 2012 காருக்கு அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோன கதை. என்னோடது மேனுவல், அதான் தெம்பாப் பேசறேன்.

பொக்ஸர்_பாலன்
அதை நானும் ஒத்துக்கொள்ளுறன். சிவிடி எண்டு முதல் பதிவில வடிவாக் கவனிக்கேல்லை.

வன்னிமகள்
ரெண்டு நாளாச் சண்டை பிடிச்சுப்போட்டு இப்பதான் வாசிக்கிறாராம் 🙄

கறள்_ராசா
மயூரன், போய்ப் பாக்கிறதெண்டா ஆளுக்கு முதலே சொல்லுங்கோ எஞ்சினைச் ஸ்ராட் பண்ணவேண்டாம் எண்டு, போன உடன பொனற்றில கையை வைச்சுப் பாருங்கோ, சுட்டா ஏதோ மறைக்கிறார். கீழ குனிஞ்சு ஹெட்டும் புளொக்கும் பொருந்துற விளிம்பில ஈரம் இருக்கோ பாருங்கோ. நாலு ரயரும் ஒரே கொம்பனியோ, ஒரே அளவு தேஞ்சதோ பாருங்கோ. பிறகு காஞ்ச பார்க்கிங்கில முழுக்க வெட்டி மெதுவா ரெண்டு வட்டம். அவ்வளவும் செய்யாமக் காசு குடுக்காதேங்கோ.

மல்வேர்ண்_மயூரன்
அண்ணைமார், அக்கா, போட்டு வந்திட்டன். பொனற் சுட்டது. "குளிருக்கு எண்டு கொஞ்சம் சூடாக்கி வைச்சனான்" எண்டார், ஒக்ரோபர் மாதம், வெளியில 16 பாகை. முன்னுக்கு ரெண்டும் புது ரயர், பின்னுக்கு ரெண்டும் வேற கொம்பனி, மொட்டை. பெல்ற் மாத்தினதாம், றிசீற் மனிசி எங்கயோ வைச்சிட்டாவாம். வட்டம் அடிச்சுப் பாத்தன், வன்னிமகள் அக்கா சொன்னது அப்பிடியே, நிண்டு நிண்டு துள்ளினது. கீழ ஈரம் இருந்தது, ஒயிலோ தண்ணியோ எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆனா ஓடேக்க சொல்லி வேலையில்லை, சீற் சூடு, சத்தமும் ஒரு மாதிரி நல்லாயிருந்தது. 4,500க்குத் தாறன் எண்டும் சொன்னார். வேண்டாம் எண்டிட்டு வந்திட்டன்.

கொறொல்லாகாரன்
பத்து நாளா நான் சொன்னது இதைத்தான்.

பொக்ஸர்_பாலன்
காரில பிழையில்லை, வைச்சிருந்தவன் ரெண்டு ரயரில மிச்சம் பிடிக்கப் பாத்திருக்கிறான்.

கறள்_ராசா
13 வருசக் காரில ஆற்ர பிழை எண்டு பாத்து என்ன செய்யிறது, பில் மயூரன்ர பேரிலதான் வரும். தம்பி இப்ப என்ன யோசனை?

மல்வேர்ண்_மயூரன்
இப்ப இருக்கிற காருக்கே நாலு விண்ரர் ரயர் சொல்லிப்போட்டன் அண்ணை, றிம்மோட 840. இந்த விண்ரர் அதோட ஓடிப் பாக்கிறன், மார்ச்சில திரும்ப யோசிப்பம். மச்சானுக்கு இன்னும் சொல்லேல்லை.

பொக்ஸர்_பாலன்
நல்லது தம்பி. அந்த விளம்பரத்தை ஒருக்கா எனக்கு அனுப்பிவிடுங்கோவன்.

கறள்_ராசா
ஏன்? உங்கடது 2009, அது 2012, உருவமே வேற. ஒரு கதவு பொருந்தாது.

பொக்ஸர்_பாலன்
எஞ்சின் ஒண்டுதானே அண்ணை. 3,000க்கு விடுவாரோ எண்டு மயூரன் கேட்டுச் சொன்னா நல்லம், நான் கேட்டா என்ர மனிசி போனில பாத்திடுவா.