மகனை இழந்த அம்மாவோடு கதைக்க ஒரு குருக்கள் தேவை (படுவான்கரை)

மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் ஒரு குடும்பம். நெடுநாள் கசிப்புக் குடியில் இருந்த மூத்த மகன் அண்மையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 31ஆம் நாள் அந்தியேட்டி நெருங்குது. ‘அப்படிச் செத்தவருக்கு என்ன கிரியை செய்தும் ஆன்மா கரையேறாது’ என்று உறவுக்காரர் சொன்னதிலிருந்து அம்மா சாமி விளக்கு ஏற்றுவதில்லை. ஒரு நேரம்தான் சாப்பாடு. விடியப்புறம் 3 மணிக்கே எழும்பி வாசலில் இருக்கிறா.

சாகும் எண்ணம் வருகுதா என்று நேரடியாகவே கேட்டோம் (கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, தயங்காமல் கேளுங்கள்). இல்லை என்கிறா. வைத்தியசாலை மனநலப் பிரிவில் காட்டுறம். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமும் வீட்டில் எழுதி வைத்திருக்கு.

இறந்தவரின் தம்பியாரும் தினமும் குடிக்கிறார். ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. அப்படி விட்டால் முதல் 2, 3 நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியசாலையில் தங்கி நிறுத்தச் சம்மதித்திருக்கிறார்.

மருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் நித்திரை வருது. ‘என்ர புள்ள எங்க போனான்?’ என்பதற்கு மருந்தில் பதில் இல்லை. குடியும் மனச்சோர்வும் நோய் என்று விளங்கிய, சமயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து ஆறுதலாகக் கதைக்க வேணும். பரிகாரப் பூசைக்குச் செலவு சொல்பவர் வேண்டாம், ஏற்கனவே கடன்.

இப்படி இழந்த வீட்டில் பழி சொல்லாமல் அந்தியேட்டி செய்து, தாயோடும் இருந்து கதைக்கக்கூடிய சைவக் குருக்களை களுவாஞ்சிக்குடி, வெல்லாவெளி, கல்முனைப் பக்கம் யாருக்காவது தெரியுமா?