ஆன்மிகத்துக்கு மார்க் போட உங்கள் வார்டுக்கும் வந்தார்களா?

மலர்_நர்ஸ்:
நோயாளிகளின் மத ஈடுபாட்டை அளக்க ஆராய்ச்சியாளர்கள் கொண்டுவரும் டியூரல் படிவத்தின் முதல் கேள்வி ஞாபகம் இருக்கும்: கோயில், சர்ச்சுக்கு எத்தனை முறை போவீர்கள்? எங்கள் வலி நிவாரண வார்டில் ஓர் ஆராய்ச்சி மாணவி கேட்டாள். மார்பகப் புற்று, புண் உடைந்து வாடை வரும் ஒரு பாட்டி. "எங்கம்மா போறது? பக்கத்துல நிக்கிறவங்க மூக்கப் பொத்துறாங்க. பஸ்ல போறப்ப கோபுரத்தப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்குவேன்" என்றார். 'ஒருபோதும் இல்லை' கட்டத்தில் டிக். ஆறுக்கு ஒன்று. எனக்கு வயிறு எரிந்தது.

கணக்கன்:
மலர் அக்கா, ஒரு கேள்வியை வைத்துத் திட்டாதீர்கள். மொத்தம் 5. இரண்டாவது, தனியாகச் செய்யும் வழிபாடு; பாட்டிக்கு அங்கே மார்க் கிடைத்திருக்கும். படிவத்தை உருவாக்கிய ஹரால்ட் கோனிக்கே எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள் என்கிறார்.

என் கதை ஃபேசிட்-எஸ்பி, நோயாளிகளின் ஆன்மிக நலனை அளக்கும் இன்னொரு படிவம். 12 கேள்வி, 48 மார்க். அப்பா கறுப்புச் சட்டைக்காரர். "நோய் உங்கள் நம்பிக்கையைப் பலப்படுத்தியதா?" என்றதும் சிரித்த சிரிப்பில் டிரிப் ஊசி கழன்றுவிட்டது. என்ன ஆனாலும் எல்லாம் சரியாகும் என்று நினைக்கிறீர்களா? "அதை டாக்டரைக் கேளும்மா." நம்பிக்கைக் கேள்விகள் நாலுக்கும் சுழியம். மன அமைதி, வாழ்க்கையின் அர்த்தம் எட்டுக்கும் முழு 32. கடைசியில் 'ஆன்மிக ஆதரவு தேவை' என்று எழுதிவிட்டுப் போனார்கள்!

ஆய்வுமேசை:
எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். சித்தப்பா பொறுமையாகச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்கும் முனைவர் பட்ட மாணவர்களே, 'அமைதியாக உணர்கிறேன்' என்பதை ஆன்மிகக் கணக்கில் சேர்த்து, அதையே மனச்சோர்வு அளவோடு ஒப்பிட்டால் தொடர்பு வராமல் எங்கே போகும்? ஒரே சர்க்கரையை இரண்டு கிண்ணத்தில் போட்டு, இரண்டும் இனிக்கிறது என்று கட்டுரை எழுதுவது மாதிரி. கோனிக் 2008இல் இதைத்தான் சொன்னார். ஆகவே ஃபேசிட் எடுத்தால் நம்பிக்கைப் பகுதியைத் தனியே காட்டுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 32 கேள்விப் படிவத்தில் 8 அம்சங்கள். வியப்பு, உள் அமைதி, இறை நம்பிக்கை என எல்லாம் தனித்தனி. மொத்தத்தை மட்டும் போட்டு ஏமாற்றாதீர்கள். அப்புறம், கோயிலுக்குப் போவதைக் கேட்டால் நடக்க முடிகிறதா என்றும் கேளுங்கள். படுத்த படுக்கையாய் இருப்பவரும் பக்தியே இல்லாதவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். பிறகு 'கோயிலுக்குப் போனால் ஆயுள் கூடும்' என்று தலைப்பு வைப்பீர்கள்.

கணக்கன்:
சார், இங்கே யார் தீசிஸ் எழுதுகிறோம்?

தென்றல்77:
அம்மாவுக்கு வலி குறைக்கும் மார்ஃபின் மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் படிவத்தோடு வந்தார்கள். மன அமைதி எப்படி? "நல்லா இருக்கு கண்ணு." நாலுக்கு நாலு. கடந்த 7 நாட்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். முந்தின ராத்திரி முழுக்கக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவர். மருந்து கொடுத்த நேரத்தை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டேன். "அது வேற படிவம்" என்றார்கள்.