சொஃப்ட்னருக்குத் தமிழ்: ‘உப்புநீக்கி’ வேண்டாம், ‘மென்னீராக்கி’ என்போம்

வணக்கம் நண்பர்களே,

வன்மையான தண்ணீரை, அதாவது கல்சியமும் மகனீசியமும் கூடின தண்ணீரை, மென்மையாக்கும் கருவியான வாட்டர் சொஃப்ட்னருக்கு இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் நான்கு: நீர் மென்மையாக்கி, உப்புநீக்கி, வன்மைநீக்கி, நீர்தேற்றி. நான் ‘மென்னீராக்கி’ என்ற ஐந்தாவதைக் கொண்டுவருகிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லில் பிழை விட்டால் வீட்டுக்காரரின் காசு போகும், எங்கள் சித்தி வீட்டில் போயிருக்கிறது.

> உப்புத்தண்ணியைச் சரிசெய்வதுதானே இந்த மெஷின், எல்லாருக்கும் விளங்கும்படி ‘உப்புநீக்கி’ என்றே வைப்போம்.

இழையில் ஒருவர் எழுதிய இதைத்தான் முதலில் மறுக்கவேண்டும். சித்தி இருப்பது யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், கிணற்றில் வாயில் வைக்க ஏலாத சவர்த்தண்ணி. வெளிநாட்டிலிருந்து மகன் காசு அனுப்பினார், கடையில் “உப்புத்தண்ணிக்கு ஒரு மெஷின்” என்று கேட்டார்கள், கடையிலும் உப்புத்தண்ணிக்கான மெஷினைத்தான் கொடுத்தார்கள். பூட்டி முடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தால் அதே சவர். யாரும் பொய் சொல்லவில்லை. சோடியமும் குளோரைட்டும் கூடின தண்ணீரையும் நாம் உப்புத்தண்ணி என்கிறோம், கல்சியமும் மகனீசியமும் கூடின தண்ணீரையும் உப்புத்தண்ணி என்கிறோம். சொஃப்ட்னர் இரண்டாவதற்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் பிசின்மணிகள் (ரெசின் உருண்டைகள்) கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகின்றன, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதற்கு மேல், மணிகள் களைத்துப்போனால் நாமே மூட்டையில் உப்பு வாங்கிப் போட்டுத்தான் அவற்றை மறுபடி வேலைக்குக் கொண்டுவரவேண்டும். உப்புத் தின்னுகிற ஒரு கருவிக்கு உப்புநீக்கி என்று எப்படிப் பெயர் வைப்பது? அந்தப் பெயர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்குரியது. சித்தி வீட்டுக்கு வேண்டியிருந்ததும் எதிர்ச் சவ்வூடுபரவல், கடைகளில் ஆர்ஓ என்கிறார்களே, அதுதான்.

கொழும்பில் இருக்கும் நமக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே குழாயில் வருவது அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுப்பதும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதும், எல்லாமே மென்மையான தண்ணீர். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கேத்தில் பல வருடப் பழையது, உள்ளே இன்னும் பளபளவென்று இருக்கிறது. சுன்னாகம் பக்கம் அம்மா அப்பா வீட்டில் புதுக் கேத்தில் வாங்கி இரண்டு மாதத்தில் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடித்துவிடும். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல், மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டு ஊறவைத்தால் கேத்திலில் பிடித்தது கழன்றுவிடும், ஹீட்டருக்குள் பிடித்ததை யார் கழற்றுவது?

சரி, மற்றச் சொற்கள்.

‘நீர்தேற்றி’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அது இன்னொரு வேலைக்கு ஏற்கனவே பேசிவைத்த சொல் மாதிரி. கலங்கல் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் மண் அடியில் போய்த் தண்ணீர் தெளிகிறது, அந்தத் தெளிவித்தல்தான் தேற்றல். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் கல்சியம் நிறைய இருக்கலாம், எங்கள் ஊர்க் கிணறே சாட்சி. படிகாரம் போட்டுத் தெளிவிக்கும் கலத்துக்கு நீர்தேற்றியை எடுத்துவைப்போம், தயவுசெய்து இதில் செலவழிக்கவேண்டாம்.

‘வன்மைநீக்கி’ பொருளில் சரியானது, அதில் எனக்கு மறுப்பில்லை. இலங்கைப் பாடநூல் படித்த எல்லாருக்கும் தற்காலிக வன்மை, நிரந்தர வன்மை தெரியும். இடைஞ்சல் இரண்டு. தமிழ்நாட்டில் இதையே கடினநீர், கடினத்தன்மை என்கிறார்கள், வன்மை என்றால் அங்கே வேறு எதையோ நினைப்பார்கள். அப்புறம், வன்மையான நீரைத் தொலைபேசியில் “வன்னீர்” என்று சொல்லிப் பாருங்கள், எதிர்முனையில் வன்னிப் பிரதேசத்தை நினைத்து “வன்னித் தண்ணியோ?” என்பார்கள், எனக்கு இரண்டு தடவை நடந்தது.

மென்னீர் என்ற சொல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. அயன், அயனி என்று பிரிந்து, காபனேற்று, கார்பனேட் என்று பிரிந்து, வன்னீர், கடினநீர் என்றும் பிரிந்த இலங்கை, தமிழ்நாடு என்ற இரண்டு கரைகளும் மென்னீரில் ஒன்றாக நிற்கின்றன. 1950களில் இங்கே அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகள் போடத் தொடங்கிய காலத்திலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சொல்லாக்கி வந்திருக்கிறோம், பொதுவாக ஒரு சொல் அகப்படும்போது அதை விடக்கூடாது என்பது என் பிடிவாதம். சொல்லின் கட்டையும் பாருங்கள். தண்மை நீர் தண்ணீர், வெம்மை நீர் வெந்நீர், நன்மை நீர் நன்னீர், அதே வரிசையில் மென்மை நீர் மென்னீர். புதிதாக ஒட்டவைத்ததாகவே தெரியவில்லை. ‘நீர் மென்மையாக்கி’ அதையே இரண்டு சொல்லாக நீட்டுகிறது, அவ்வளவுதான்.

> ஆக்கி என்று முடிந்தால் வினையெச்சம் போலக் கேட்கிறதே.

உண்மை. வடிகட்டி, குளிரூட்டி, ஒலிபெருக்கி எல்லாமே அப்படித்தான் கேட்கின்றன, நாம் குழம்பினோமா? எழுத்தில் சந்தியே பிரித்துக் காட்டிவிடும்: “மென்னீராக்கிக் குளித்தோம்” என்றால் வினை, “மென்னீராக்கி கெட்டுப்போயிற்று” என்றால் கருவி.

இன்னொரு சொல்லும் கட்டாயம் வேண்டும். உப்பே தேவையில்லாத சொஃப்ட்னர் என்று சில கருவிகள் விற்பனைக்கு வருகின்றன. கல்சியத்தை அவை வெளியே எடுப்பதில்லை, மிகச் சிறிய பளிங்குகளாக்கி ஒட்டாமல் வைத்திருக்கப் பார்க்கின்றன. தண்ணீரைச் சோதித்தால் வன்மை அதே அளவு, சவர்க்காரம் அதே மாதிரி நுரைக்காது. இவற்றை மென்னீராக்கி என்று சொல்லவிடக்கூடாது. கேத்திலில் பிடிப்பதற்குச் ‘சுண்ணப்படிவு’ என்றும், இந்தக் கருவிக்குப் ‘படிவுத்தடுப்பி’ என்றும் முன்மொழிகிறேன். குழாயில் காந்தம் கட்டுகிற வகையை நான் இந்தப் பெயருக்குள்ளும் சேர்க்கமாட்டேன், அது வேலை செய்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

கொழும்பில் பழைய சோனகத் தெருவில் நான் விசாரித்தபோது எல்லாக் கடையிலும் டிடிஎஸ் மீற்றரைத்தான் தண்ணீரில் வைத்துக் காட்டினார்கள். அது கரைந்திருப்பதன் மொத்தத்தைத்தான் காட்டும், வன்மையைக் காட்டாது. மென்னீராக்கி நன்றாக வேலை செய்தாலும் அந்த எண் பெரிதாகக் குறையாது. வன்மையை ஆய்வுகூடத்தில் தனியாகக் கேட்டு அளக்கவேண்டும். சுன்னாகத்தில் எங்கள் கிணற்றின் வன்மை லீற்றருக்கு 350 மில்லிகிராம், கல்சியம் காபனேற்றுக் கணக்கில். 180க்கு மேல் போனாலே மிகவும் வன்மையான நீர் என்பார்கள். வீட்டில் நாளுக்கு 600 லீற்றர் செலவானால் பிடிக்கவேண்டியது 210 கிராம். ஒரு லீற்றர் பிசின் சுமார் 50 கிராம் பிடிக்கும் என்று வைத்தால் 25 லீற்றர்ப் பிசின் ஆறு நாளைக்குக் காணும், பிறகு இரண்டரை மூன்று கிலோ உப்பு. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வன்மை 100 மில்லிகிராம் போனால் சோடியம் 46 மில்லிகிராம் ஏறும், எங்கள் கிணற்றுக்கு 161. அப்பாவுக்குப் பிரஷர் இருக்கிறது, அதனால் குசினிக் குழாயை மென்னீராக்கிக்கு முன்னாலேயே பிரித்துவிட்டோம், ஹீட்டரும் குளியலறையும் உடுப்புத் தோய்க்கும் மெஷினும்தான் பின்னால். யாழ்ப்பாணக் கிணறுகளில் பலருக்குக் கவலை தருகிற நைத்திரேற்றையும் இந்தப் பிசின் தொடாது, குடிநீருக்கு இது வழியே இல்லை. எனக்கு இன்னும் மனம் ஆறாதது கழுவிவிடுகிற உப்புக்கரைசல்தான். அது கல்லிடுக்கால் இறங்கி எங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோதான் திரும்பி வரும். அதனால் ஆகச் சிறிய அளவில் வாங்கினோம்.

உப்புக் கொடுத்துப் பிசினை மீட்பதற்கு ‘மீளூட்டல்’ என்று எழுதிவருகிறேன், பாடநூல்களில் மீளுருவாக்கம் என்று ஏதேதற்கோ வருவதால் அதைத் தவிர்த்தேன். சாயப்பட்டறையிலோ கொதிகலன் பக்கமோ வேலைசெய்த யாராவது வேறு சொல் புழங்கியிருந்தால் எழுதுங்கள்.

போன மாதம் ஊருக்குப் போனபோது குளியலறைக் குழாயில் பெயின்டால் ‘மென்னீர்’ என்றும் குசினிக் குழாயில் ‘கிணற்றுநீர்’ என்றும் எழுதிவிட்டு வந்தேன். நேற்று அம்மா தொலைபேசியில், “தம்பி, மென்னீர் இண்டைக்குச் சவுக்காரம் நுரைக்கேல்ல, உப்பு முடிஞ்சுதோ?” என்று கேட்டார்.