தெருப்படக் கேமராவும் வீட்டு வாசலும்: அனுபவப் பகிர்வு

நாற்சந்தி

தெருத்தெருவாகக் கேமரா காரை ஓட்டிப் படம் எடுத்து வரைபடத்தில் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ போன்ற சேவைகளில் முகத்தைத்தான் மங்கலாக்கிவிடுகிறார்களே, அப்புறம் என்ன பயம் என்று பலர் கேட்கிறார்கள். முகம் மட்டுமா ஆளைக் காட்டிக்கொடுக்கிறது? உட்கார்ந்திருக்கும் திண்ணை, நிற்கும் வண்டி, உடம்பு வாகு, கூட நிற்கும் நாய், இவை போதும் தெரிந்தவர்களுக்கு. கனடாவின் கியூபெக்கில் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகம் மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டார்கள். 2014-ல் நீதிமன்றம் அவருக்கு 2,250 கனடிய டாலர் கொடுக்கும்படி கூகுளுக்குச் சொன்னது. பொது இடத்திலிருந்து எடுத்த படம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இரண்டாவது, தானியங்கி மங்கலாக்கம் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. 2009-ல் கூகுள் பொறியாளர்களே வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் முகங்களில் 89 சதவீதத்துக்கு மேல், வண்டி எண்களில் 94 முதல் 96 சதவீதம் வரை மறைக்க முடிகிறது என்று கணக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மென்பொருள் நிறைய மாறியிருக்கிறது. இருந்தும் தப்புகிற வகைகள் அதேதான்: பக்கவாட்டு முகம், பாதி நிழலில் இருக்கும் முகம், கண்ணாடியில் தெரியும் பிம்பம், இரண்டு லென்ஸ் படங்களை ஒட்டும் கோட்டில் பாதியாக வெட்டுப்பட்ட முகம். கடைசியாகச் சொன்னதுதான் கவனிக்கப்படாமலே போகும்.

கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் மறைக்கச் சொல்ல, கணினியில் செய்வது நல்லது. கைபேசித் திரையில் பெட்டியைச் சரியான இடத்தில் வைப்பது கஷ்டம். வரைபடத்தில் மஞ்சள் பொம்மையை இழுத்து வீட்டுக்கு நேரே விடுங்கள். முன்வாசல் நடுவில் வரும்படி படத்தைத் திருப்பிய பிறகு, கீழே வலது ஓரத்தில் சிக்கலைப் புகாரளிக்கும் இணைப்பைத் தொடுங்கள். திறக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும். பெட்டி நகராது, படத்தை நகர்த்தி, பெரிதாக்கி, மறைக்க வேண்டியதைப் பெட்டிக்குள் கொண்டுவர வேண்டும். பிறகு முகமா, வீடா, வண்டியா, எண் பலகையா, வேறு பொருளா என்று தேர்ந்தெடுத்து விவரம் எழுதி, மின்னஞ்சல் கொடுத்து அனுப்பலாம்.

கோரிக்கை திரும்பி வருவது பெரும்பாலும் அந்த விவரக் கட்டத்தில்தான். 'என் வீட்டை மறைக்கவும்' என்று எழுதினால், ஒட்டிய சுவர் கொண்ட மூன்று வீடுகளில் எது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? 'நீல இரும்புக் கதவு, இரண்டு மாடி, வலப்பக்கம் காலி மனை, முழு முகப்பும் மதிலும் மறைய வேண்டும்' என்று எழுதுங்கள். கதவு எண் தெரிந்தால் அதையும் சேருங்கள்.

இன்னொன்று. படத்தின் மூலையில் கூகுளின் பெயர் இருக்கிறதா, தனி நபரின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயனர் ஏற்றிய 360 டிகிரி படமாக இருந்தால் அந்தப் படத்தின் மெனுவிலிருந்தே புகார் செய்ய வேண்டும்.

---

மதிற்சுவர்

முகம், எண் பலகை பற்றி நாற்சந்தி எழுதியதோடு கேமராவின் உயரத்தையும் சேர்க்க வேண்டும். என் பார்வையில் மனிதர்களைக் கோபப்படுத்துவதில் முதல் இடம் அதற்குத்தான். தெருவில் நடக்கிறவர் பார்ப்பதை வீட்டுக்காரர் எதிர்பார்த்தே மதில் கட்டியிருக்கிறார். காரின் கூரைமேல் கம்பம் நட்டு அதன் உச்சியில் வைத்த கண்ணை அவர் எதிர்பார்க்கவில்லை.

ஜப்பானில் இந்த எதிர்ப்பு எழுந்தபோது, 2009 மே மாதத்தில் கூகுள் கேமராவை 40 சென்டிமீட்டர் இறக்க ஒப்புக்கொண்டது. 2.45 மீட்டரிலிருந்து 2.05 மீட்டர். எடுத்த நகரங்களையும் மறுபடி எடுப்பதாகச் சொன்னார்கள். 40 சென்டிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும்.

மதில் 1.8 மீட்டர், கேமராவிலிருந்து மதிலுக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேமரா 2.45-ல் இருந்தால் பார்வைக் கோடு மதிலின் தலையைத் தொட்டு, 4 மீட்டருக்கு 65 சென்டிமீட்டர் வீதம் கீழே இறங்கும். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து 1.2 மீட்டர் என்றால், மதிலிலிருந்து சுமார் 3.7 மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே தலை தெரிந்துவிடும். கேமரா 2.05-க்கு இறங்கினால் அதே தலை தெரிய 9.6 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். சின்ன முற்றம் உள்ள வீட்டில் அவ்வளவு இடமே இருக்காது. கேமராவை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இறக்கியதில் முற்றம் முழுக்க மறைவுக்குள் வந்துவிடுகிறது.

இதில் இரண்டு இடங்களில் கணக்கு கெடும். ஒன்று, குறுகிய சந்து. கேமராவிலிருந்து மதிலுக்கு 2 மீட்டர்தான் என்றால் பார்வைக் கோடு இன்னும் சரிவாக இறங்கும், 2.45 மீட்டர் கேமராவுக்கு, மதிலிலிருந்து 1.85 மீட்டரில் உட்கார்ந்தவரே தெரிவார். அதாவது கூட்டமாக வாழ்கிற, மறைவு குறைந்த இடங்களில்தான் கேமரா அதிகம் எட்டிப் பார்க்கிறது. இன்னொன்று, சாலையின்மேல் சாலை போட்டு மட்டம் உயர்ந்த தெரு. வீட்டுத் தரையைவிட சாலை 30 சென்டிமீட்டர் உயரம் என்றால், 2.05 கேமரா 2.35 கேமரா ஆகிவிடுகிறது. 9.6 மீட்டராக இருந்த மறைவு 4.4 மீட்டருக்குச் சுருங்கும்.

சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2012-ல் கொடுத்த தீர்ப்பு இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. தானியங்கி மங்கலாக்கத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் வரை தவறலாம், ஆனால் கேட்டவருக்குச் சிக்கலில்லாமல் கையால் மறைத்துத் தர வேண்டும். சாதாரண வழிப்போக்கர் கண்ணுக்குப் படாத தோட்டமும் முற்றமும் சம்மதம் இல்லாமல் வரக் கூடாது. பள்ளி, மருத்துவமனை, பெண்கள் காப்பகம், சிறை போன்ற இடங்களின் முன்னால் முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. தோல் நிறம், உடை, கைத்தடி முதற்கொண்டு அடையாளம் காட்டும் எதுவும் தெரியக் கூடாது. காப்பகத்து வாசலில் நிற்கும் ஒருவருக்கு முகம் மறைந்திருப்பது ஆறுதலே இல்லை. அங்கே நின்றார் என்பதே செய்தி.

---

வலைக்கண்

கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படம் எடுக்கும் கார்கள் வழியில் உள்ள வைஃபை ரூட்டர்களின் பெயரையும் அடையாள எண்ணையும் சேகரித்தன; கைபேசிக்கு இடம் காட்ட அது உதவும். 2010 மே மாதத்தில், கடவுச்சொல் இல்லாத வைஃபைகளில் ஓடிய தகவல்களின் துண்டுகளும் பதிவாகியிருந்ததை கூகுள் ஒப்புக்கொண்டது. பிரான்ஸ் 2011-ல் 1,00,000 யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் 2013-ல் 38 மாநிலங்களோடு 70 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஆனது. மக்கள் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள், ஆனால் இதுதான் நம்பிக்கையை உடைத்தது என்பது என் எண்ணம். கேமரா தெரிகிறது, ஜன்னலைச் சாத்தலாம். இதைச் சாத்த வழி தெரியாது.

வழி இருக்கிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு போட்டு, ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'நோமேப்' (_nomap) என்று இடைவெளி இல்லாமல் சேர்த்தால் கூகுள் அந்த ரூட்டரை இடம் காட்டும் பட்டியலில் வைத்துக்கொள்ளாது. மைக்ரோசாஃப்டுக்கு அடிக்கோட்டுடன் 'ஆப்ட்அவுட்' (_optout). அது பெயரில் எங்கே இருந்தாலும் சரி. இரண்டும் வேண்டுமென்றால் 'ஆப்ட்அவுட்' முதலில், 'நோமேப்' கடைசியில். பெயரை மாற்றியதும் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும், இரவில் செய்யாதீர்கள். கடவுச்சொல் வைப்பது இதற்கெல்லாம் முந்தைய வேலை.

---

சக்கரம்

படம் எடுக்கிற பக்கத்திலிருந்து. பொதுமக்களே தெருப்படங்களை ஏற்றும் மேப்பிலரி போன்ற தளங்களுக்கு 360 டிகிரி கேமராவோடு எடுப்பவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். வழியில் நிறுத்திக் கேள்வி கேட்கப்படுவதும் அதிகம்.

2009-ல் இங்கிலாந்தின் பிராட்டன் கிராமத்தார் கைகோத்து நின்று கூகுள் காரை உள்ளே விடவில்லை. 2011-ல் பெங்களூருவில் படப்பிடிப்பு தொடங்கிய சில வாரங்களில் காவல்துறை நிறுத்தச் சொன்னது. இந்தியாவில் ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில்தான் வந்தது, அதுவும் படங்களை உள்நாட்டு நிறுவனங்கள் எடுத்துக் கொடுத்து. தெருப்பட அளவாய்வு இந்திய நிறுவனங்களுக்கு மட்டும் என்று இந்திய அரசின் 2021 வழிகாட்டு நெறி சொல்கிறது. ஆகவே எந்த நாடானாலும் முதலில் அங்கே யார் எடுக்கலாம் என்ற விதியைப் படித்துவிட்டுக் கேமராவைத் தூக்குங்கள்.

ஒருவர் கை காட்டி நிறுத்தினால் நிறுத்துங்கள். 'பொது ரோடுதானே' என்ற வாக்கியத்தைச் சொல்லவே வேண்டாம். சட்டப்படி சரியாக இருக்கலாம், ஆனால் அதைக் கேட்ட பிறகு யாரும் அமைதியாகிப் பார்த்ததில்லை. என்ன எடுக்கிறீர்கள், எங்கே ஏறும், எப்படி நீக்கச் சொல்லலாம் என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டு வைத்துக் கொடுங்கள். எதை நீக்க வேண்டும் என்று கேட்டு, கேமராவின் கடிகார நேரத்தை அவர் முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு ஒரு படம் என்றால் அந்த நேரத்துக்கு முன் 30, பின் 30 படங்களை அழித்தால் அந்த வாசல் எந்தக் கோணத்திலும் வராது. கேமராக் கடிகாரமும் கைபேசிக் கடிகாரமும் சில வினாடிகள் விலகியிருக்கும். கிளம்பும்போதே கைபேசிக் கடிகாரத்தைக் கேமராவில் ஒரு படம் எடுத்துவிட்டால் வித்தியாசம் பதிவாகிவிடும். இதைச் செய்யாததால் தப்பான 60 படங்களை அழித்துவிட்டு, நீக்கச் சொன்ன வீட்டை அப்படியே ஏற்றிவிடும் தவறு சாதாரணமாக நடக்கிறது.

வேகம்: மணிக்கு 30 கிலோமீட்டரில் 2 வினாடிக்கு ஒரு படம் என்றால் படங்களுக்கு நடுவே 16, 17 மீட்டர் இடைவெளி விழும். 5 மீட்டருக்கு ஒன்று வேண்டுமானால் வினாடிக்கு ஒன்று, மணிக்கு 18 கிலோமீட்டர். மெதுவாகப் போகும் வண்டி சந்தேகத்தைக் கிளப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெயில் உச்சியில் இருக்கும் நேரம் நல்ல வெளிச்சம், நிழல் குறைவு. ஆனால் பள்ளி விடும் நேரத்தைத் தவிர்த்தே ஆக வேண்டும். வெளிச்சமா, ஆள் இல்லாத தெருவா என்றால் ஆள் இல்லாத தெருவைத்தான் எடுப்பேன்.

சொந்த மறைவும் முக்கியம். பயணத்தின் முதல் 150 மீட்டரையும் கடைசி 150 மீட்டரையும் வெட்டுங்கள். இல்லையென்றால் எல்லாப் பயணமும் ஒரே வாசலில் தொடங்குவதை வைத்து வீடு தெரிந்துவிடும். படத்தை மட்டும் அழித்து, ஜிபிஎஸ் தடத்தை வெட்டாமல் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

தளம் தானாக மங்கலாக்கும் என்றாலும் ஏற்றும் முன் நீங்களே ஒருமுறை மென்பொருளை ஓட்டுங்கள், உணர்திறனைக் கூட்டி வைத்து. அப்போது சிலை, விளம்பரப் பலகை முகம், சில சமயம் மாடுகூட மங்கலாகும். 2016-ல் கேம்பிரிட்ஜில் ஒரு பசுவின் முகத்தை ஸ்ட்ரீட் வியூ மறைத்தது உலகச் செய்தியானது. பசு மறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு குழந்தையின் முகம் தப்பினால் நஷ்டம்.

---

நாற்சந்தி

மதிற்சுவரின் கணக்கைப் பார்த்து முழு வீட்டையும் மறைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஜெர்மனி அனுபவம் உதவும். 2010 நவம்பரில் 20 நகரங்களின் படம் வெளியாகும் முன்பே 2,44,237 வீடுகள் மறைக்கக் கோரின; அந்த நகரங்களின் வீடுகளில் ஏறக்குறைய 3 சதவீதம். வெளியான சில நாட்களில் எஸன் நகரத்தில் மங்கலாக இருந்த சில வீடுகளைத் தேடிப் போய் முட்டை வீசினார்கள். தெளிவான தெருவில் ஒரு வீடு மட்டும் புகைமூட்டமாக இருந்தால் அதுதான் கண்ணை இழுக்கிறது. மிரட்டல், துரத்தல், குடும்ப வன்முறை போன்ற காரணம் உள்ளவர்கள் தயங்காமல் முழு வீட்டையும் மறைக்கச் சொல்லுங்கள். வாசலில் நின்றிருந்த ஆள் மட்டும்தான் பிரச்சினை என்றால் ஆளை மட்டும் மறைப்பது மேல்.

கூகுளில் ஒருமுறை மறைத்தால் திரும்ப எடுக்க முடியாது. வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரைக் கேட்காமல் அனுப்பிவிட்டு, வீடு விற்கும்போது தகராறு வருவது உண்டு. ஆனால் ஜெர்மனியில் 2023-ல் புதிதாக எடுத்த படங்களை வெளியிட்டபோது பழைய கோரிக்கைகள் செல்லாது, மறுபடி கேட்க வேண்டும் என்றார்கள். எனவே அனுப்பிய கோரிக்கையின் நகலையும் வந்த பதில் மின்னஞ்சலையும் வைத்திருங்கள்.

பதில் வந்ததும் வேலை முடிந்தது என்று விடாதீர்கள். வாசலுக்கு இருபுறமும் அம்புக்குறியைத் தட்டி ஒவ்வொரு படமாக நகர்ந்து பாருங்கள். பக்கத் தெருவிலிருந்தும் பின் சந்திலிருந்தும் பாருங்கள். 2014 முதல் பழைய ஆண்டுகளின் படங்களையும் பார்க்க முடிகிறது. தேதியை மாற்றி மாற்றிப் பார்த்து, தெளிவாக இருப்பதற்குத் தனியாக அனுப்புங்கள். ஆப்பிள், மேப்பிலரி ஆகியவற்றுக்கு இந்தக் கோரிக்கை போகாது, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வீடு விற்கும் தளங்களில் பழைய விளம்பரப் படங்கள் கிடக்கின்றனவா என்றும் முகவரியைப் போட்டுத் தேடிப் பாருங்கள். உள்ளறைகள் தெரிவது பெரும்பாலும் அங்கேதான்.