அப்பாவின் மடிக்கணினியில் குரோம் 109-லேயே நிற்கிறது, உதவி தேவை

செல்வி:
வணக்கம். அப்பாவிடம் இருப்பது விண்டோஸ் 7 போட்ட பழைய மடிக்கணினி, 2 ஜிபி ராம். குரோம் 109-க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. நேற்று ஏதோ ஒரு பக்கத்தில் 'உங்கள் பிரவுசர் பழையது, உடனே அப்டேட் செய்யவும்' என்று திரை முழுக்க வந்திருக்கிறது. அப்பாவும் அமுக்கிவிட்டார். டவுன்லோட்ஸில் ஒரு ஜிப் ஃபைல் கிடக்கிறது, திறக்கவில்லையாம். பென்ஷன் கணக்கையும் இதில்தான் பார்க்கிறார். பயமாக இருக்கிறது.

முருகேசன்:
பதறாதீர்கள். திறக்காத ஜிப் தானாக ஓடாது. ஷிஃப்ட்டும் டெலிட்டும் சேர்த்து அமுக்கி அழித்துவிடுங்கள். குரோமுக்கு அப்டேட் எந்த இணையப் பக்கத்திலிருந்தும் வராது. மூன்று புள்ளி, ஹெல்ப், அபவுட், அங்கே மட்டும்தான். இதை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். என் அம்மாவுக்கு அப்படித்தான் செய்தேன், இப்போது இப்படி எது வந்தாலும் மூடிவிட்டு எனக்கு போன் செய்கிறார்.

109-இல் நிற்பது கோளாறு இல்லை. விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் அது, 2023 ஜனவரியில் வந்தது.

செல்வி:
நன்றி அண்ணா, அழித்துவிட்டேன். எட்ஜுக்கு மாறினால் சரியாகுமா?

ரஹீம்:
ஆகாது சகோதரி. எட்ஜ், பிரேவ் எல்லாம் குரோமுக்கு அடிப்படையான அதே குரோமியத்தில் கட்டிய பிரவுசர்கள்தான், விண்டோஸ் 7-இல் அவையும் 109-ஓடு நின்றுவிட்டன. ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்ட காலம் திருத்தம் பெறும் பதிப்பு) போடுங்கள். 2023 ஜூலையில் வந்தது என்றாலும், விண்டோஸ் 7-காரர்களுக்காகவே அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா பலமுறை நீட்டித்தது. மொசில்லா தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். யாராவது பென்டிரைவில் தரும் பழைய 115 வேண்டாம்: 115.13-க்கு முந்தையது என்றால், 2025 மார்ச் 14-இல் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் ஆட்-ஆன்கள் (பிரவுசரில் சேர்க்கும் கூடுதல் வசதிகள்) வேலை செய்யாது.

முருகேசன்:
ஆனால் விண்டோஸ் 7 இருக்கும்வரை பென்ஷன் கணக்கை இதில் பார்க்க வேண்டாம். விண்டோஸ் 7-க்கே பொதுவான திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு முடிந்துவிட்டன. வீடு ஓட்டையாக இருக்கும்போது கதவை மட்டும் மாற்றினால் போதாது. அதுவரை போனில் பார்க்கட்டும், பாஸ்வேர்டையும் போனிலிருந்தே மாற்றிவிடுங்கள். அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான பதிப்பு, எக்ஸ்எஃப்சிஇ-யைப் பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பாருங்கள். 2 ஜிபி அதற்குக் குறைந்தபட்ச அளவு, கொஞ்சம் மெதுவாக ஓடும்.

செல்வி:
பாஸ்வேர்டு மாற்றியாயிற்று. ஃபயர்ஃபாக்ஸ் போட்டேன், புக்மார்க் எல்லாம் தானாக வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது மின்ட் பென்டிரைவையும் எடுத்துப் போகிறேன். வைஃபை எடுக்கிறதா என்று வந்து சொல்கிறேன்.