மீன் செதிலும் பாம்புச் செட்டையும்: தோலைப் பற்றிய அனுபவங்கள்

பாசையூர் ஆசிரியர்:
உயர்தர வகுப்பில் முள்ளந்தண்டுளிகளின், அதாவது முதுகெலும்புள்ள விலங்குகளின், தோலைக் கற்பிக்கும்போது, மாணவரை முதலில் மீன்சந்தைக்கே அழைத்துச் செல்வேன். இம்முறை அங்கே ஓர் அம்மா விளைமீனை வாலிலிருந்து தலைநோக்கிச் சுரண்டிக்கொண்டிருந்தார்; செதில்கள் தனித்தனியாகத் தெறித்தன. அவை உட்தோலில் தனித்தனிப் பைகளுக்குள் வளரும் மெல்லிய என்புத் தகடுகள் என்பதே அதற்குக் காரணம். அவற்றின்மேல் உயிருள்ள மேற்றோல் படர்ந்திருக்கிறது. கையில் வழுக்கும் சீதத்தைச் சுரப்பது அதுதான். பக்கத்தில் கிடந்த சுறாவைத் தலையிலிருந்து வால்வரை தடவிய மாணவி, எதிர்த்திசையில் தடவியதும் கையை இழுத்துக்கொண்டாள். சுறாவின் நுண்செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் குருதிக்கலன்கள் உள்ள குழியும், அதைச் சூழப் பன்முதலும் (பல்லின் உட்பகுதியான கடின இழையம்), மேலே மிளிரியை (பல்லின் மேற்பூச்சு) ஒத்த கடினப்படையும் உண்டு. பல்லின் கட்டமைப்பும் இதுவே. எந்தப் படத்தாலும் உணர்த்த முடியாததை அந்த ஒரு தடவல் உணர்த்தியது.

கோப்பாய் உறுப்பினர்:
ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை வாசித்தபோது, எங்கள் பனையோலை வேலியில் முழுதாகக் கிடைத்த நாகத்தின் செட்டை, அதாவது உரித்துவிட்ட தோல், நினைவுக்கு வந்தது. அதில் கண்ணிருக்கும் இடத்திலும் துளை இருக்கவில்லை. பாம்புக்கு இமைத்து மூடும் இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் சேர்ந்தே உரிகிறது. பாம்பின் செதில், மீனுடையதைப் போல உட்தோலில் தோன்றுவதன்று. கெரற்றின் (நகத்திலும் மயிரிலும் உள்ள புரதம்) நிறைந்த மேற்றோலின் மடிப்பு. செதில்களுக்கு இடையிலும் அதே மேற்றோல் தொடர்வதால், காலுறையைக் கழற்றுவதுபோல உட்புறம் வெளியே திரும்பி, ஒரே துண்டாக வருகிறது. நாகத்தின் நிறம் அதில் ஏன் இல்லை என்று மகன் கேட்டான். நிறந்தரும் கலங்களில் பெரும்பாலானவை உட்தோலில் இருப்பதால், நிறம் பாம்போடு போய்விடுகிறது. உரிவதற்குச் சில நாள் முன்பு, பழைய படைக்கும் புதிய படைக்கும் இடையே திரவம் சேர்வதால் கண் பால்நீலமாக மங்கும். பார்வை குறைந்த அந்நாட்களில் பாம்பு எளிதில் சீறும் என்பதால், விறகுக் குவியலில் கைவைப்போர் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும்.

உரும்பிராய் விவசாயி:
உலர்ந்த கெரற்றின் போர்வை நீரிழப்பைத் தடுப்பதால் ஓணானும் அரணையும் ஆவணி வெயிலிலும் நடமாடுகின்றன. தவளையோ எங்கள் கிணற்றடித் தொட்டியையும் வாழைப் பாத்தியின் ஈரமண்ணையும் விட்டு விலகுவதில்லை. அது வாயால் நீர் குடிப்பதில்லை. வயிற்றுப்புறத் தோலால் உறிஞ்சுகிறது. நுரையீரலோடு, குருதி மயிர்க்குழாய்கள் செறிந்த ஈரத்தோலும் ஒட்சிசனை உள்ளெடுத்துக் காபனீரொட்சைட்டை வெளியேற்றுகிறது. நீரையும் வாயுவையும் விடும் அந்தத் தோல், வெங்காயத்துக்கு நாங்கள் அடிக்கும் மருந்தையும் உள்ளே விடுகிறது. இதை அறிந்தபின் தொட்டிப் பக்கமாகக் காற்று வீசும் வேளையில் நான் மருந்தடிப்பதில்லை. பிள்ளைகள் தவளையைத் தூக்க நேர்ந்தால், முதலில் கையை நல்ல தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள்; உலர்ந்த கை அதன் சீதப்படையைத் துடைத்தெடுத்துவிடும்.