மறு: பாக்ஸ் ஸ்கோருக்குத் தமிழ் என்ன?

குழுவினருக்கு வணக்கம். பேஸ்பால் ஆட்டத்தின் எண்களை வீரர்வாரியாகக் கட்டம் கட்டித் தரும் பாக்ஸ் ஸ்கோருக்குத் தமிழ்ச் சொல் தேடும் இழைக்கு என் பதில்.

> பெட்டிப்புள்ளி என்றே வைக்கலாமே. பத்திரிகையில் பெட்டிச் செய்தி இருக்கிறதே.

பெட்டிச் செய்தி நல்ல சொல்தான் அக்கா. ஆனால் கட்டம் கட்டிப் போட்டால் கஷாயம் வைக்கும் முறைகூடப் பெட்டிச் செய்திதான். பேஸ்பாலில் அந்தக் கட்டம் வெறும் சட்டை. உள்ளே இருப்பது கணக்கு. அதிலும், எங்காவது தப்பு விழுந்தால் தானே காட்டிக்கொடுக்கும் கணக்கு.

இதற்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்து, புரூக்ளினுக்குக் குடிபோய், கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். அதனால் நமக்கு இது பாதி தெரிந்த சரக்குதான். தெரியாத பாதி, ஆட்டம் முடிந்ததும் கணக்கை நேர் பார்ப்பது. மட்டை பிடித்த முறைகள், நடையாகக் கிடைத்த பேஸ்கள் (பேஸ் என்பது ஓடித் தொட வேண்டிய நிலை; பந்துகள் சரியாக வராவிட்டால் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கலாம்), வீசிய பந்து மேலே பட்டு முதல் பேஸுக்குப் போனவை, தான் அவுட்டாகி மற்றவரை முன்னேற்றும் தியாக அடிகள் போன்றவை ஒரு பக்கம். ஓட்டங்கள், பேஸிலேயே நின்றுபோனவர்கள், எதிரணி எடுத்த அவுட்கள் மறுபக்கம். இரண்டும் சமமாக வேண்டும் என்று விதிப்புத்தகமே சொல்கிறது. மட்டையோடு வந்த ஒவ்வொரு முறைக்கும் இந்த மூன்றில் ஒன்றில் கணக்கு முடிந்தாக வேண்டுமே!

ஓர் உதாரணம்: 1956 அக்டோபர் 8, அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். யாங்கீஸ் அணியின் டான் லார்சன் பந்தெறிய, எதிரணி டாட்ஜர்ஸ் பக்கம் ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. 27 முறை இந்தப் பக்கம், 27 அவுட் அந்தப் பக்கம், மற்றதெல்லாம் சுழி. இரண்டாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ஜாக்கி ராபின்சன் விட்ட அடி மூன்றாம் பேஸைக் காத்து நின்ற யாங்கீஸின் கேரியின் மேல் பட்டுத் தெறித்தது. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்பவர்) மக்டூகல்ட் அதைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிய, ராபின்சன் அவுட். ஸ்கோர் எழுதுகிறவர் நோட்டில் இது 5-6-3 (நிற்கும் இடங்களின் எண்கள்: மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, முதல் பேஸ் 3). பாக்ஸ் ஸ்கோரில் இந்தக் கதை கிடையாது. கேரிக்கும் மக்டூகல்டுக்கும் அவுட் எடுக்கக் கைகொடுத்ததற்கு ஆளுக்கு ஓர் உதவி, முதல் பேஸ் காலின்ஸ் பெயரில் ஓர் அவுட், ராபின்சன் பெயரில் ஒரு முறை, அவ்வளவுதான்.

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். நோட்டு என்பது குறிப்பேடு, வீரர் பெயருக்கு நேரே ஓடும் வரி பேரேடு, முழுக் கட்டம் இருப்பாய்வு.

> ஆட்டத்தொகை?

எனக்கும் எட்டுத்தொகை ஞாபகம் வந்து ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விளையாட்டுப் பக்கம் படிப்பவர் இதை ஆடினதற்குக் கொடுத்த பணம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

> ஆட்டப்பட்டி? விலைப்பட்டி மாதிரி.

ஐயா, தட்டச்சில் ஓர் உகரம் கூடினால் ஆட்டுப்பட்டி. அது கூடாமல் இருக்காது.

என் ஓட்டு ஆட்டக்கணக்குக்கு. கணக்கு ரொம்பப் பொதுச்சொல் என்று ஆட்சேபம் வரும். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு என்கிறோம், யாரும் குழம்புவதில்லை. முன்னால் நிற்கும் சொல்லே வேலி போட்டுவிடுகிறது. ஸ்கோர் எழுதும் நோட்டு ஆட்டக் குறிப்பேடு ஆகட்டும்.

இன்னிங்ஸ் வாரியாக ஓட்டங்களைச் சொல்லும் லைன் ஸ்கோர் பாக்கி. ஓட்டவரி என்றால் நகராட்சி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. கணிதப் பாடத்தில் கிடையாகப் போவது நிரை, அதனால் ஓட்டநிரை என்கிறேன். (நிரை என்றால் மாடும்தான். பட்டியை விரட்டிவிட்டு மாட்டை ஓட்டி வருகிறாயா என்று கேட்காதீர்கள்.)

எரர் (பந்தைத் தடுப்பவர் கோட்டை விடுவது) என்பதற்குப் பிழையா, தவறா என்று தனி இழை போடுங்கள். லார்சன் ஆட்டத்தில் அந்த நிரல் இரண்டு அணிக்கும் சுழி என்பதால் இன்றைக்கு நான் தப்பித்தேன்.